பறக்க ஆரம்பிக்க 14 வயசு, நிறுத்த எத்தனை வயசு?

இன்னைக்கு எபிசோடை ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன்.

ஜெர்மனியில் 14 வயசு ஆன ஒருத்தர் கிளைடர் விமானத்தைத் தனியாக ஓட்டலாம். பயிற்சி எடுத்து, ஆசிரியர் ஓகே சொல்லிட்டா போதும். பின் சீட்டு காலி, நீங்களே மேலே போயிட்டு இறங்கி வரணும். அமெரிக்காவிலும் அதே 14 தான். சரி, எத்தனை வயசில் நிறுத்தணும்?

சொந்த ஆசைக்காகப் பறக்கிறவங்களுக்கு அதுக்குச் சட்டத்தில் பதில் கிடையாது. ஆரம்பிக்க ஒரு வயசு இருக்கு, முடிக்க ஒரு வயசு இல்லை.

பயணிகள் விமானம் ஓட்டுறவங்களுக்கு இந்தக் குழப்பமே வராது. 65 வயசு ஆச்சுன்னா ஏர்லைன் காக்பிட்டை விட்டு இறங்கிடணும். அமெரிக்காவில் 2007 டிசம்பர் வரைக்கும் அது 60 ஆக இருந்தது. சரியோ தப்போ, ஒரு தேதி இருக்கு. கேக் வெட்டி, போட்டோ எடுத்து, கை குலுக்கி அனுப்பி வெச்சிடுவாங்க. கிளைடர் ஓட்டுறவருக்கு அந்தத் தேதியை அவரே தான் குறிக்கணும். அதை எப்படிக் குறிக்கிறாங்க என்பது தான் இன்னைக்குப் பேச்சு. கிளைடரைக் கண்ணால் கூடப் பார்க்காத நமக்கு இது எதுக்குன்னு கேட்பீங்க. நம்ம வீட்டு வாசலில் நிக்கிற காருக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு. அதைக் கடைசியில் சொல்றேன்.

இன்ஜின் இல்லாத விமானம்

நான் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் 3 வருஷம் வேலை பார்த்தேன். புது ஊர், பாஷை அரைகுறை, ஞாயிற்றுக்கிழமை ஆச்சுன்னா கடை கூட கிடையாது. கூட வேலை பார்த்த ஒருத்தர் 'எங்க கிளப்புக்கு வா' என்று கூட்டிட்டுப் போனார். பச்சைப் புல் மைதானம், ஓரமாக ஒரு பெரிய ஷெட், அதுக்குள்ளே நீள நீளமான வெள்ளை இறக்கைகள். அப்படித்தான் எனக்குக் கிளைடர் அறிமுகம்.

கிளைடரில் இன்ஜின் கிடையாது. மைதானத்தோட அந்தக் கோடியில் ஒரு வின்ச் இருக்கும். சுமார் 1 கிலோமீட்டர் நீளக் கேபிளை அது வேகமாகச் சுருட்டும். அந்த இழுப்பில் கிளைடர் பட்டம் மாதிரி செங்குத்தாக ஏறும். ஒரு நிமிஷத்துக்குள்ள சில நூறு மீட்டர் உயரம் போயிடும். அங்கே மஞ்சள் நிறக் குமிழை இழுத்துக் கேபிளைக் கழட்டிவிட்டா, அதுக்கப்புறம் நீங்களும் காற்றும் தான். சில ஊர்களில் வின்ச்சுக்குப் பதிலாக இன்னொரு சின்ன விமானம் கயிறு கட்டி இழுத்துட்டுப் போகும்.

மத்தியான வெயிலில் ஒரு பருந்து இறக்கையையே அடிக்காமல் வட்டம் போட்டு மேலே மேலே போறதைப் பார்த்திருப்பீங்க. தரை சூடாகி அங்கிருந்து எழும்புற காற்று அதைத் தூக்குது. கிளைடரும் அதே வேலையைத்தான் செய்யுது. அந்தக் காற்று கிடைச்சா மணிக்கணக்கில் மேலே இருக்கலாம். கிடைக்கலைன்னா மெதுவாக இறங்கிக்கிட்டே இருக்கும். பயிற்சிக்கு எல்லா ஊரிலும் பயன்படுற ஏஎஸ்கே 21 என்கிற இரண்டு சீட்டு கிளைடர், காற்று அசையாமல் இருந்தால் 1 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஏறக்குறைய 34 கிலோமீட்டர் தூரம் போகும்.

இதில் நாம் மனசில் வெச்சுக்க வேண்டிய விஷயம் ஒன்று தான். தரை இறங்கும்போது கிளைடருக்கு ஒரே ஒரு வாய்ப்பு. இன்ஜின் உள்ள விமானம் சரியாக வரலைன்னா இன்ஜினைக் கூட்டி, மறுபடி ஒரு சுற்று சுற்றி வரும். கிளைடரில் அது முடியாது. உயரம், வேகம், காற்றின் திசை, முன்னாடி இறங்குற விமானம், ரேடியோவில் வர்ற குரல், இது எல்லாத்தையும் ஒரே நேரத்தில் மனசில் வெச்சுக்கிட்டு முதல் தடவையே சரியாக இறங்கணும்.

அந்தக் கிளப்பில் நான் கவனிச்ச இன்னொண்ணு, தலை நரைச்சவங்க தான் அதிகம். வார நாளில் போனா பெரும்பாலும் ரிட்டயர்டு ஆட்கள். சின்ன வயசில் கத்துக்கிட்டு 50 வருஷமாகப் பறக்கிறவங்க. சம்பளத்துக்கு ஆள் கிடையாது. வின்ச் ஓட்டுறது, புல் வெட்டுறது, குளிர்காலத்தில் ஷெட்டில் உட்கார்ந்து விமானத்தைச் சரி பண்றது எல்லாம் மெம்பர்கள் தான். அவங்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு மட்டும் இல்லை, நண்பர்கள், மரியாதை, காலையில் எழுந்திரிக்க ஒரு காரணம், எல்லாமே அந்தப் புல்வெளியில் தான் இருக்கு.

டாக்டர் கண்டுபிடிக்கிறதும் கண்டுபிடிக்காததும்

வயசான பைலட் என்றதும் நம்ம எல்லோருக்கும் முதலில் தோணுறது மாரடைப்பு. அது நடக்காததும் இல்லை. வுல்ஃப் ஹிர்த் என்று ஒருத்தர். எழும்புற காற்றுக்குள் வட்டம் போட்டு ஏறுற முறையை வளர்த்தெடுத்த ஆரம்பகால ஜெர்மன் பைலட்டுகளில் முக்கியமானவர். பைக் விபத்தில் ஒரு காலை இழந்து, செயற்கைக் காலோட பறந்தவர். இன்னைக்கும் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் இயங்குற ஷெம்ப்-ஹிர்த் கிளைடர் கம்பெனியின் பெயரில் பாதி அவருடையது. 1959 ஜூலையில், 59 வயசில், பறந்துக்கிட்டு இருக்கும்போதே மாரடைப்பு வந்து இறந்துபோனார்.

இந்த மாதிரி விஷயத்துக்காகத்தான் ஐரோப்பாவில் கிளைடர் பைலட்டுக்கும் மருத்துவச் சான்றிதழ் கேட்கிறாங்க. 40 வயசுக்குள்ளே இருந்தா 5 வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கு மேலே 2 வருஷத்துக்கு ஒரு தடவை. அமெரிக்காவில் அதுவும் கிடையாது. கிளைடர் ஓட்ட டாக்டர் சான்றிதழே வேண்டாம். ஆனால், பாதுகாப்பாக ஓட்ட முடியாத அளவுக்கு உடம்பில் ஏதோ பிரச்சினை இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சா, ஓட்டக் கூடாது. தெரியுதா தெரியலையா என்பதை யார் முடிவு பண்றது? நீங்க தான்.

இப்போ டாக்டர் பார்க்கிறார்னே வெச்சுக்குவோம். ரத்த அழுத்தம், இதயம், கண், காது எல்லாம் பார்ப்பார். ஆனால் வயசோட வர்ற மாற்றங்களில் பல, அந்த அரை மணி நேரத்தில் தெரியாது.

உதாரணத்துக்கு, கழுத்து. ஒரே சூடான காற்றில் ஏழெட்டு கிளைடர் ஒண்ணுக்கு மேலே ஒண்ணாக வட்டம் போடும். பக்கத்தில் யார், கீழே யார்னு தலையைத் திருப்பிப் பார்த்துக்கிட்டே இருக்கணும். கழுத்து முழுசாகத் திரும்பலைன்னா வானத்தில் ஒரு பகுதியையே நீங்க பார்க்கலைன்னு அர்த்தம்.

அப்புறம், தண்ணீர். இது சிரிப்பாகத் தோணும், ஆனால் சீரியஸ். மூணு நாலு மணி நேரம் மேலே இருக்கணும், டாய்லெட் கிடையாது. அடிக்கடி சிறுநீர் வர்ற வயசு. அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் ஏறுவாங்க. கண்ணாடி மூடிக்குக் கீழே வெயில் நேராக அடிக்கும். வயசாக ஆக தாகம் எடுக்கிற உணர்வும் குறையும். உடம்பு வறண்டு போனா யோசிக்கிற திறமை மந்தமாகும். எப்போ? நாலு மணி நேரம் கழிச்சு, களைச்சுப் போய் தரை இறங்குற அந்த நேரத்தில்.

மாத்திரையும் இருக்கு. அமெரிக்காவில் விமான விபத்துகளை விசாரிக்கிற என்டிஎஸ்பி அமைப்பு, 1990-லிருந்து 2012 வரைக்கும் விபத்தில் இறந்த பைலட்டுகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளை மொத்தமாக ஆராய்ந்தது. மூளையை மந்தமாக்கக் கூடிய மருந்துகளில் அதிகமாகத் தென்பட்டது டைஃபென்ஹைட்ரமின். சளிக்கும் தூக்கத்துக்கும் சீட்டு இல்லாமலேயே கடையில் வாங்குற சாதாரண மருந்து.

எல்லாத்தையும் விட முக்கியமானது மூளையின் வேகம். வயசானா அறிவு குறையும் என்பது தப்பு. வானிலை பற்றிய அறிவு, எந்த மலை எந்த நேரத்தில் காற்றைத் தூக்கும் என்கிற அனுபவம், அது எல்லாம் நிக்கும். மெதுவாகிறது வேறே. ஒரே நேரத்தில் நாலு விஷயத்தை மனசில் பிடிச்சு வெச்சுக்கிறது, நடுவில் யாராவது குறுக்கே பேசினா விட்ட இடத்திலிருந்து தொடர்றது, எதிர்பாராதது நடந்தா உடனே பாதை மாத்துறது.

கிளைடரைப் பல நேரம் டிரெய்லரில் கொண்டு வந்து, இறக்கையை அங்கேயே மாட்டுவாங்க. பழைய மாடல்களில் உள்ளே இருக்கிற கட்டுப்பாட்டுக் கம்பிகளைக் கையால் ஒவ்வொண்ணாக இணைக்கணும். நாலு இணைப்பில் மூணு போட்டாச்சு, அப்போ ஒரு நண்பர் வந்து 'எப்படிப்பா இருக்கே' என்று பேச்சுக் கொடுக்கிறார். திரும்பி வந்து நாலாவதைப் போட்டோமா? அதை மறந்துட்டு மேலே போனவங்க உயிரோட திரும்பாத கதை இந்த விளையாட்டில் ஒண்ணு ரெண்டு இல்லை. அதனால் தான் ஒருத்தர் வெளியே நின்று இறக்கையில் உள்ள தகடுகளைக் கையால் பிடிச்சுக்க, பைலட் உள்ளிருந்து அசைச்சுப் பார்க்கணும் என்று ஒரு வழக்கமே வெச்சிருக்காங்க.

அப்போ வயசானவங்க பறக்கவே கூடாதா?

அவசரப்படாதீங்க. 2006 ஆகஸ்ட் 29, அர்ஜென்டினாவின் தென்கோடி. ஆண்டீஸ் மலை மேலே எழும்புற காற்றலையில் ஏறி ஒரு கிளைடர் 50,727 அடி உயரத்தைத் தொட்டது. பயணிகள் விமானங்கள் போற உயரத்தை விட மேலே. அன்றைக்கு அது உலக சாதனை. உள்ளே இரண்டு பேர். ஸ்டீவ் ஃபாஸெட்டுக்கு 62 வயசு. இன்னொருத்தர் ஐனார் எனெவோல்ட்சன், நாசாவில் சோதனை விமானியாக இருந்தவர், அந்தத் திட்டத்தையே ஆரம்பிச்சவர். அவருக்கு 74.

2009-ல் நியூயார்க்கில் இரண்டு இன்ஜினும் நின்னுபோன விமானத்தை ஹட்சன் நதியில் இறக்கின சல்லன்பெர்கரை ஞாபகம் இருக்கும், படமே வந்தது. அவருக்கு அப்போ 58-வது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருந்தது. அவர் கிளைடர் ஓட்டவும் பயிற்சி பெற்றவர்.

ஆராய்ச்சியும் இருக்கு. 2007-ல் 'நியூராலஜி' இதழில் ஒரு ஆய்வு வந்தது. 40-லிருந்து 69 வயசு வரைக்கும் உள்ள 118 பைலட்டுகளை 3 வருஷம், வருஷத்துக்கு ஒரு தடவை சிமுலேட்டரில் உட்கார வெச்சுப் பார்த்தாங்க. ஆரம்பத்தில் வயசானவங்களின் மதிப்பெண் கொஞ்சம் குறைவு தான். ஆனால் அதிகப் பயிற்சித் தகுதி பெற்றவங்களிடம், எந்த வயசா இருந்தாலும், சரிவு குறைவாக இருந்தது. அனுபவம் ஒரு அளவுக்குத் தாங்கிப் பிடிக்குது.

அதனால், ஒரு எண்ணைச் சொல்லி 'இந்த வயசோட நிறுத்து' என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. 60-லேயே தடுமாறுறவர் இருக்கார், 75-லும் சுத்தமாக ஓட்டுறவர் இருக்கார். எண்ணைத் தூக்கிப் போட்டா, ஒவ்வொருத்தரும் தன்னைத் தானே பார்த்து முடிவு பண்ணணும். சிக்கலே அங்கே தான்.

தராசே தேஞ்சு போனா?

மளிகைக் கடையில் தராசு பழுதானா, எடை தப்பாக வருதுன்னு அந்தத் தராசை வெச்சே கண்டுபிடிக்க முடியுமா? வேறே ஒரு எடைக்கல் வேணும். இங்கேயும் அதே கதை. எது தேயுதோ, அதே மூளை தான் 'நான் இன்னும் நல்லாத்தான் ஓட்டுறேன்' என்று தீர்ப்புச் சொல்லணும். நேத்து ரேடியோவில் சொன்னதைக் கவனிக்காமல் விட்டவருக்கு, தான் கவனிக்காமல் விட்டோம் என்பதே தெரியாது. அவருக்குத் தெரிஞ்ச வரைக்கும் நேத்து நல்லபடியாகத்தான் போச்சு.

அனுபவமும் ஒரு வகையில் ஏமாத்தும். 5,000 தடவை நல்லா இறங்கினவருக்கு 5,001-ம் நல்லாத்தான் இருக்கும்னு தோணும். வழக்கமான நாளில் அது உண்மையும் கூட. வழக்கம் தப்பின நாளில் தான் விஷயம் தெரியும். வின்ச் ஏற்றத்தில் கேபிள் அறுந்தா மூக்கை உடனே கீழே தள்ளணும், வேகம் திரும்ப வர்ற வரைக்கும் வேறே எதையும் செய்யக் கூடாது, அப்புறம் நேராக இறங்குறதா திரும்பி வர்றதான்னு முடிவு பண்ணணும். எல்லாத்துக்கும் சில விநாடிகள். அந்தச் சில விநாடிக்காகத்தான் இவ்வளவு பேச்சும்.

சுத்தி இருக்கிறவங்க சொல்லலாமே என்று கேட்பீங்க. சொல்றது சுலபமா? அவர் தான் உங்களுக்குப் பறக்கக் கத்துக் கொடுத்தவர். அந்த ஷெட்டைக் கட்டினவங்களில் ஒருத்தர். அவரிடம் போய் 30 வயசுப் பையன் 'போதும், நிறுத்திக்கோங்க' என்று எப்படிச் சொல்றது? எல்லோரும் டீ குடிக்கும்போது தங்களுக்குள்ளே பேசிக்குவாங்க. அவரிடம் மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க.

நாலாக மடிச்ச ஒரு காகிதம்

எங்க கிளப்பில் ஒரு பெரியவர் இருந்தார். நான் சேர்ந்தப்போ அவருக்கு 78. ஜெர்மன் கிளைடர் கிளப்புகளில் வயசு வித்தியாசம் பார்க்காமல் எல்லோரும் 'நீ' என்று தான் பேசிக்குவாங்க. எனக்கு அவரை அப்படிக் கூப்பிட வாய் வரவே இல்லை. மரியாதையாகக் கூப்பிட்டா அவர் திரும்பிப் பார்த்து, 'யாரைக் கூப்பிடுறே, என் பின்னாடி யாராவது நிக்கிறாங்களா?' என்று கேட்பார்.

ஒரு ஏப்ரல் மாசம், சீசன் ஆரம்பம். வருஷத்தோட முதல் நாள் அவர் தனியாக ஏற மாட்டார். கிளப்பில் உள்ள இரண்டு இளைய ஆசிரியர்களில் ஒருத்தரோட ஏஎஸ்கே 21-இல் மூணு தடவை போவார். சட்டப்படி 2 வருஷத்துக்கு இரண்டு பயிற்சிப் பறப்பு போதும். அவர் வருஷா வருஷம் பண்ணுவார். அன்றைக்கு அந்த ஆசிரியர், முன்கூட்டியே சொல்லாமல், ஏறிக்கிட்டு இருக்கும்போது மஞ்சள் குமிழை இழுத்துட்டார். கேபிள் அறுந்த மாதிரி. கீழே நின்று நாங்க பார்த்துக்கிட்டு இருந்தோம். மூக்கு உடனே இறங்கிச்சு, அழகாகத் திரும்பி வந்து இறங்கினார்.

கீழே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, 'சொல்லு, எத்தனை விநாடி?' என்பது தான். 'நல்லா இருந்தது' என்றார் ஆசிரியர். 'நல்லா இருந்ததான்னு நான் கேட்கலை. போன வருஷத்தை விட அதிகமா, கம்மியா?' ஆசிரியர் கொஞ்சம் யோசிச்சு, 'கொஞ்சம் அதிகம்' என்றார். பெரியவர் தலையாட்டிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அன்றைக்கு சாயந்தரம் ஷெட்டைப் பூட்டும்போது பர்ஸிலிருந்து நாலாக மடிச்ச ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். 65 வயசில் எழுதினதாம். அதில் இருந்ததை என் ஞாபகத்திலிருந்து சொல்றேன்.

ஒரே சீசனில் இரண்டு தடவை, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இறங்கினால், தனியாகப் பறப்பதை நிறுத்துவேன்.

ரேடியோவில் ஒரே விஷயத்தை எனக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டி வந்தால், அன்றைக்கு மறுபடி ஏற மாட்டேன். அது மூணு நாள் நடந்தால், நிறுத்துவேன்.

புது மாத்திரை ஆரம்பிச்சால், டாக்டரைக் கேட்காமல் ஏற மாட்டேன்.

கடைசி வரி: நான் பெயர் சொல்லியிருக்கும் இரண்டு பேரில் யாராவது ஒருத்தர் 'வேண்டாம்' என்றால், ஏன் என்று கேட்க மாட்டேன்.

'ஏன் 65-லேயே எழுதினீங்க?' என்று கேட்டேன். அவர் சொன்னதன் சாரம் இது. 65-ல் என் மூளை நல்லா வேலை செஞ்சது. அந்த ஆளை நான் நம்புறேன். 80 வயசு ஆளை நான் இன்னும் சந்திக்கலை, அவன் பிடிவாதக்காரனாக இருக்கலாம். அதனால் 65 வயசுக்காரனையே முடிவு எடுக்கச் சொல்லிட்டேன்.

இந்த எபிசோடில் நீங்க ஒரே ஒரு விஷயத்தை எடுத்துட்டுப் போகணும்னா, அது இது தான். எப்போ நிறுத்தணும் என்கிற கேள்விக்கு, நிறுத்த வேண்டிய அவசியமே இல்லாத காலத்தில் பதில் எழுதி வெச்சிடணும். அதைச் சொல்ற உரிமையை யாருக்காவது முன்னாடியே கொடுத்திடணும். அந்த இளைய ஆசிரியர்கள் அவரிடம் உண்மையைச் சொல்ல முடிஞ்சதுக்குக் காரணம், அவரே அவங்களிடம் கேட்டு வெச்சிருந்தார். அவங்க சொல்றது அவமரியாதை ஆகலை, கொடுத்த வேலையைச் செஞ்சதா ஆச்சு.

ஒரே நாளில் முடியிறது இல்லை

இன்னொண்ணும் அவரிடம் பார்த்தேன். நிறுத்துறது என்றால் நாம நினைக்கிறது, நேத்து வரைக்கும் பைலட், இன்னைக்கு ஒண்ணுமில்லை என்று. அந்தப் பயத்தில் தான் நிறைய பேர் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்காங்க. அவர் படிப்படியாக இறங்கினார். முதலில் போட்டிகளை விட்டார். அப்புறம் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் போறதை விட்டார். மலையில் தப்பு பண்ண இடமே இருக்காது. அடுத்து, தெரியாத ஆட்களைப் பின் சீட்டில் ஏத்திட்டுப் போறதை விட்டார். 'என் உயிர் என் கணக்கு, பின் சீட்டில் இருக்கிறவன் உயிர் என் கணக்கு இல்லை' என்பார். பிறகு பலமான காற்று அடிக்கிற நாளை விட்டார்.

79-ல் தனியாகப் பறப்பதை நிறுத்தினார். காகிதத்தில் உள்ள எந்த வரியும் மீறப்படலை. ஆசிரியர் 'வேண்டாம்' என்றும் சொல்லலை. ஏப்ரல் மாச மூணு பறப்பு முடிஞ்சதும், அவரே 'போன வருஷத்தை விட இன்னும் கொஞ்சம் அதிகம், இல்லையா?' என்று கேட்டார், ஆசிரியர் 'ஆமாம்' என்றார். அவ்வளவு தான். சொந்தமாக வெச்சிருந்த ஒற்றை சீட்டு கிளைடரைக் கிளப்பில் உள்ள ஒரு மாணவிக்கு வித்தார். டிரெய்லர் கதவில் எந்தக் கொண்டி சிக்கும், எதை எப்படித் தட்டணும் என்று ஒரு மத்தியானம் முழுக்கச் சொல்லிக் கொடுத்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதை மறைச்சு அழகாகச் சொல்ல நான் விரும்பலை. 60 வருஷமாகச் செஞ்ச ஒரு விஷயத்தை விடுறது இழப்பு தான். எவ்வளவு திட்டம் போட்டாலும் அந்த நாள் வலிக்கும்.

ஆனால் அடுத்த சனிக்கிழமை காலை அவர் வந்திருந்தார். வானிலை மேப்பை விரிச்சு, 'ரெண்டு மணிக்கு அந்தக் காட்டு மேலே மேகம் வரும், அது வரைக்கும் அவசரப்படாதீங்க' என்று பசங்களுக்குச் சொல்லிக்கிட்டு இருந்தார். வந்தது. மத்தியானம் யாரோ அவரை இரண்டு சீட்டு கிளைடரில் கூட்டிட்டுப் போனாங்க. மேலே போனதும் அவர் தான் ஓட்டியிருக்கார். இறக்கினது மட்டும் கூடப் போனவர்.

இப்போ நம்ம வீட்டுக்கு வரலாம்

எங்க அப்பாவுக்கு 71. மடிப்பாக்கத்திலிருந்து தி.நகர் வரைக்கும் இன்னும் அவரே கார் ஓட்டிட்டுப் போவார். நான் சென்னைக்குத் திரும்பி வந்ததும் கவனிச்சேன், ராத்திரியில் எதிரே வர்ற வண்டியின் லைட் அடிச்சா தடுமாறுறார். பின்னாடி வர்றதைத் திரும்பிப் பார்க்காமல் கண்ணாடியை மட்டும் பார்க்கிறார்.

நம்ம ஊரிலும் சட்டம் ஓரளவுக்குத் தான் உதவும். 40 வயசுக்கு மேல் லைசென்ஸ் புதுப்பிக்கணும்னா படிவம் 1ஏ என்கிற மருத்துவச் சான்றிதழ் கொடுக்கணும். 55-க்கு மேலே 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். அந்த 5 வருஷத்துக்கு நடுவில் என்ன ஆகுது என்பது வீட்டில் உள்ளவங்களுக்குத்தான் தெரியும்.

நாம பொதுவாக என்ன பண்ணுவோம்? ஒரு நாள் பம்பரில் கீறல் விழுந்ததும் சாவியை வாங்கி வெச்சுக்குவோம். 'இனிமே ஊபர் போட்டுக்கோங்கப்பா, நான் புக் பண்ணித் தர்றேன்' என்று. நமக்கு அது அக்கறை. அவருக்கு அது எப்படி இருக்கும்?

நான் அப்பாவிடம் அந்தப் பெரியவர் கதையைத் தான் சொன்னேன். முழுசாகக் கேட்டுட்டு, 'நீ எதுக்கு இதைச் சொல்றேன்னு தெரியுதுடா' என்றார். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், 'ஒரு முழம் பூ வாங்கணும்னாலும் உன்னைக் கேட்டுட்டுத்தான் போகணுமா?' என்றார். அதில் கோபத்தை விடப் பயம் தான் அதிகமாக இருந்தது. நான் சொன்னேன், 'இல்லப்பா, இப்போ எதையும் நிறுத்த வேண்டாம். எப்போ நிறுத்தணும்னு நீங்களே சொல்லி வெச்சிடுங்க. நான் பிறகு அதைத்தான் ஞாபகப்படுத்துவேன், என் அபிப்பிராயத்தைச் சொல்ல மாட்டேன்.'

ரெண்டு நாள் கழிச்சு மாதக் காலண்டர் தாளோட பின்பக்கம் எழுதிக் கொண்டு வந்தார். ஏழு மணிக்கு மேல் ஓட்ட மாட்டேன். மழையில் ஓட்ட மாட்டேன். பேரப்பிள்ளைகளை ஏத்திட்டுப் போறதை 75-ல் நிறுத்திடுவேன். வருஷத்துக்கு ஒரு தடவை என் பக்கத்தில் உட்கார்ந்து தாம்பரம் வரைக்கும் வந்து பார்த்துச் சொல்ல வேண்டியவர், நான் இல்லை, என் தங்கை. 'அவ தான் உள்ளதைச் சொல்லுவா, நீ பூசி மெழுகுவே' என்றார். எனக்குக் கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது. ஆனால் யாரை நம்புறது என்பதை அவர் தானே தேர்ந்தெடுக்கணும்.

உங்க வீட்டில் அது ஸ்கூட்டராக இருக்கலாம், கடை சாவியாக இருக்கலாம், நெட் பேங்கிங் பாஸ்வேர்டாகக் கூட இருக்கலாம். இந்தப் பேச்சை ஆரம்பிக்கணும்னா, எதுவும் நடக்காத ஒரு சாதாரண நாளில் ஆரம்பிங்க. 'நிறுத்துங்க' என்று ஆரம்பிக்காதீங்க. 'எது நடந்தா நிறுத்தணும்னு நீங்க நினைக்கிறீங்க?' என்று கேளுங்க. முதல் நாளே பதில் வராது. பரவாயில்லை. எழுதி வாங்குங்க, இல்லைன்னா அவங்களையே எழுதச் சொல்லுங்க. யார் சொன்னா கேட்பீங்கன்னும் கேட்டு வெச்சுக்கோங்க. அந்த ஆள் நீங்களாக இல்லாமல் போனா வருத்தப்படாதீங்க.

உங்களுக்கு இப்போ 25, 30 வயசு தானே என்று விட்டுடாதீங்க. ஒரு நாள் நமக்கும் அந்தக் காகிதம் தேவைப்படும்.

உங்க வீட்டில் இந்தப் பேச்சு நடந்திருந்தா, எப்படி நடந்ததுன்னு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. சண்டையில் முடிஞ்சிருந்தாலும் அனுப்புங்க. அடுத்த வாரம் இன்னொரு எபிசோடில் சந்திப்போம். வணக்கம்.